பழைய கைப்பேசி: தொடர்வதா, மாற்றுவதா?
தீவுவாழ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கணக்கு

வங்கிக் கிளைக்கு வருவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் வட்டி விகிதத்தோடும் காசோலைப் புத்தகத்தோடும் நின்ற காலம் ஒன்று உண்டு. இன்று அவற்றுக்கு இணையாக வேறொரு கேள்வியும் எழுகின்றது. "என் கைப்பேசி நான்கைந்து ஆண்டு பழையது, செயலி திறக்கத் தாமதமாகிறது, பேட்டரி மாலை வரை நிற்பதில்லை. புதியது வாங்கித்தான் ஆகவேண்டுமா?" இக்கேள்வி கடைக்காரரிடம் கேட்கப்பட வேண்டியது போலத் தோன்றினாலும், வங்கியாளருக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு. இன்றைய கைப்பேசி ஒரே நேரத்தில் பணப்பையாகவும், பெட்டகத்தின் திறவுகோலாகவும், கையொப்பமாகவும் விளங்குகின்றது. திறவுகோல் தேய்ந்துவிட்டதா, இன்னும் சில காலம் உழைக்குமா என்பதைப் பார்த்துச் சொல்வது பெட்டகத்தைக் காப்பவரின் கடமையே.

விடை இரண்டு சொற்களில் அடங்குவதன்று. வேகம் குறைந்ததாலேயே கைப்பேசியை மாற்றுவது வீண்செலவு. நன்றாக இயங்குகிறது என்பதாலேயே அதைத் தொடர்வது சில வேளைகளில் ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையே முடிவெடுக்க உதவும் அளவுகோல்களை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சூழலை முன்வைத்து இங்கே விளக்க முற்படுகின்றோம்.

தீவில் கைப்பேசியின் எடை

நிலப்பரப்பில் வாழ்பவருக்குக் கைப்பேசி ஒரு வசதி. தீவில் வாழ்பவருக்கோ அது பல வேளைகளில் ஒரே வழி. ஸ்ரீ விஜயபுரம் என 2024 செப்டம்பரில் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் இருப்பவர் நினைத்தபோது கிளைக்கு நடந்து வந்துவிடலாம். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்கும் தலைநகருக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் இருக்கின்றது. ஓய்வூதியம் வரவானதைப் பார்ப்பது, சென்னையில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்துவது, தீவுகளுக்கிடையே செல்லும் கப்பலுக்குச் சீட்டுப் பதிவது என அனைத்தும் உள்ளங்கைக்குள் வந்துவிட்டன.

இந்த மாற்றம் அண்மைக் காலத்தது. சில ஆண்டுகளுக்கு முன்வரை இத்தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளின் குறுகிய அலைவழியையே நம்பியிருந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியிழை வடம் பதிக்கும் பணிக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் ரூ.1,224 கோடி மதிப்பிலான அத்திட்டம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தலைநகரோடு சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் அவ்வடம் இணைத்தது.

வடம் வந்ததால் வங்கிச் சேவை தீவுகளின் கடைக்கோடி வரை சென்றது. எனினும் வடத்தின் மறுமுனை நம் கையிலுள்ள கருவியில்தான் முடிகின்றது. அக்கருவி பழுதாகி நின்றால், கடலடியில் எத்தனை அகலமான வழி இருந்தும் பயனில்லை. ஆகவேதான், தீவில் இருப்பவர் கைப்பேசி நின்ற பின்னர் முடிவெடுக்கக் கூடாது. நிற்பதற்கு முன்னரே எடுக்க வேண்டும் என்கின்றோம்.

முதல் அளவுகோல்: பாதுகாப்புப் புதுப்பிப்பு

ஒரு கைப்பேசியின் வயதை வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவது வழக்கம். வங்கிப் பயன்பாட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு போதாது. அக்கருவிக்குக் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது எப்போது என்பதே அதன் உண்மையான வயதைக் காட்டும்.

கைப்பேசியை இயக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. 2015 ஜூலையில் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' எனப் பெயரிடப்பட்ட ஒரு குறைபாடு ஆண்ட்ராய்டில் வெளிப்பட்டது. பயனர் எதையும் தொடாமலேயே, ஒரு பல்லூடகக் குறுஞ்செய்தியைக் கொண்டு கருவிக்குள் நுழைய அது வழிசெய்யும் என ஆய்வாளர்கள் காட்டினர். அதையடுத்தே கூகுள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு அளிக்கும் வழக்கத்தைத் தொடங்கின. நாம் அறியாமலே வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை மாதந்தோறும் ஒருவர் வந்து சரிபார்த்துச் செல்வதைப் போன்றது அது. கைப்பேசிக்கு நிறுவனம் குறித்த காலம் முடிந்ததும் அவர் வருவது நின்றுவிடும். கதவு பார்வைக்கு முன்போலவே இருக்கும். எந்தத் தாழ்ப்பாள் தளர்ந்துள்ளது என்பது மட்டும் திருடருக்குத் தெரிந்திருக்கும்.

இதை நீங்களே பார்த்து அறியலாம். கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, தொலைபேசியைப் பற்றிய விவரங்களில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி தெரியும். அத்தேதி கடந்த சில மாதங்களுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஓராண்டுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தால், முதலில் புதுப்பிப்பு ஏதேனும் நிறுவப்படாமல் காத்திருக்கின்றதா எனப் பாருங்கள். இணைய வேகம் குறைந்த தீவுகளில் பலர் அதைத் தள்ளிப்போட்டு மறந்துவிடுவதுண்டு. காத்திருப்பது எதுவும் இல்லையெனில், அக்கருவியின் காவற்காலம் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இக்காலம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒன்றன்று. 2023 அக்டோபரில் வெளியான பிக்சல் 8 வரிசைக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் வெளியான கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு அளிப்பதாக அறிவித்தன. விலை குறைந்த பல கைப்பேசிகளுக்கு அதில் பாதிக் காலமே கிடைக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் இதை விதியாகவே ஆக்கியுள்ளது. ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பது அவ்விதி.

காவற்காலம் முடிந்த பின்னர் செயலிகளும் ஒவ்வொன்றாக விடைபெறும். 2023 அக்டோபர் 24 முதல் வாட்ஸாப் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட பதிப்புகளைக் கைவிட்டது. 2025 மே மாதத்தில் ஐஃபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றிலும் அது நின்றது. வங்கிச் செயலிகளும் தமக்குரிய குறைந்தபட்சப் பதிப்பை அவ்வப்போது உயர்த்துகின்றன. ஒரு காலைப்பொழுதில் செயலி திறக்க மறுத்தால், கருவியின் காவற்காலம் நெடுநாளுக்கு முன்னரே முடிந்திருக்கக்கூடும். நமக்குத்தான் அன்று தெரியவருகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புதிய கைப்பேசி வாங்கினால் மோசடியே நேராது என எண்ணுவது பிழை. வாடிக்கையாளர் பணம் இழப்பது பெரும்பாலும் மென்பொருள் ஓட்டையால் அன்று. பேச்சை நம்பி ஓடிபி எண்ணையோ பின் எண்ணையோ சொல்லிவிடுவதால்தான். எத்தனை புதிய கருவியும் அதற்குக் காப்பாகாது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வாட்ஸாப்பில் வரும் கோப்பைத் தொட்டதும் தீய செயலி ஒன்று நிறுவப்படும் மோசடியில் மட்டும் நிலைமை சற்று வேறானது. இவ்வாறு வெளியிலிருந்து வந்த செயலி திரையைப் படிக்கும் அனுமதியைப் பெறுவதற்கு ஆண்ட்ராய்டு 13 முதல் கூடுதல் தடை உண்டு. பழைய பதிப்புகளில் அத்தடை இல்லை. ஆக, அதே தவறு பழைய கருவியில் கூடுதல் இழப்பைத் தரக்கூடும்.

இரண்டாம் அளவுகோல்: பேட்டரி

காவற்காலம் முடியாத கைப்பேசி மந்தமாகி, அடிக்கடி அணைந்துபோனால், குறை பெரும்பாலும் பேட்டரியில் இருக்கும். லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு முறை நிரம்பிக் காலியாகும்போதும் சிறிதளவு திறனை இழக்கின்றது. பல கைப்பேசிகளில் ஏறத்தாழ 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தொடக்கத் திறனில் 80 விழுக்காடே எஞ்சும். நாள்தோறும் முழுதாக நிரப்புபவருக்கு அது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான கணக்கு. வெப்பம் அத்தேய்வை மேலும் விரைவுபடுத்தும்.

பேட்டரிக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் 2017 டிசம்பரில் அறிந்தது. பேட்டரி தேய்ந்த ஐஃபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு குறைந்த விலையில் பேட்டரி மாற்றித் தந்தது. மாற்றியவர்களின் கைப்பேசிகள் பழைய வேகத்தைப் பெற்றன. இவ்வாறு வேகத்தைக் குறைத்த புதுப்பிப்புகளுக்காக 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. மந்தமான கைப்பேசி செத்துப்போன கைப்பேசி அன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். சில ஆயிரம் ரூபாயில் தீரக்கூடிய குறைக்காகப் பல ஆயிரம் செலவிடுவதற்கு முன், பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

ஆனால் தீவில் இங்கொரு சிக்கல் உள்ளது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியே அடைக்கப்பட்ட லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடைசெய்துள்ளது. பேட்டரி உள்ளே பொருத்தப்பட்ட கைப்பேசிக்கு அத்தடை இல்லை. இதனால், புதிய கைப்பேசி பயணிகள் விமானத்திலேயே வந்து சேரலாம். பழைய கைப்பேசிக்குத் தேவையான பேட்டரி மட்டும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலுக்குக் காத்திருக்கக்கூடும். கப்பல் கடலைக் கடக்கவே மூன்று நாளளவு ஆகும். கிளம்பும் நாளுக்குக் காத்திருப்பது தனி. பழுதுபார்ப்பதைவிடப் புதியது வாங்குவது எளிதாகத் தோன்றுவதற்கு விலை மட்டுமன்றி இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

மற்றொன்றையும் நினைவில் கொள்க. உப்பிய, சேதமுற்ற பேட்டரியை விமானத்தில் அனுப்பவே இயலாது. கருவிக்குள் இருந்தாலும் கூடாது. ஆகவே பேட்டரி உப்பிய பின், நிலப்பரப்பிலுள்ள பழுதுபார்ப்பு மையத்துக்கு விமான அஞ்சலில் அனுப்பும் வழியும் அடைபடுகின்றது. பின்மூடி எழும்புவதோ திரை ஓரம் பிரிவதோ தெரிந்தால், அக்கணமே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். கருவியை அணைத்து, வெப்பமும் தீப்பற்றும் பொருளும் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

இவற்றைக் கருதி நாம் கூறும் யோசனை எளியது. கைப்பேசி இரண்டு ஆண்டைத் தாண்டியதும், நிலப்பரப்புக்குச் செல்லும் அடுத்த பயணத்தில் நிறுவனத்தின் சேவை மையத்திலேயே பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்காகவோ திருமணத்துக்காகவோ சென்னை செல்லும் தீவுவாசிகள் பலர். அப்பயணத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது பின்னர் பல நாள் காத்திருப்பைத் தவிர்க்கும்.

மூன்றாம் அளவுகோல்: அலைவரிசை

கைப்பேசி நன்றாக இருந்தும், அது பேசும் மொழி கோபுரத்துக்குப் புரியாமல் போகலாம். பிஎஸ்என்எல் நிறுவனம் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்று நாடு தழுவித் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நிறுவனம் 4ஜி சேவைக்குப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸும் ஒன்று. தாழ்ந்த அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் மரச்செறிவையும் ஓரளவு ஊடுருவும். கோபுரங்கள் அடர்ந்திராத இடங்களுக்கு அது ஏற்றது. ஆயினும் பழைய 4ஜி கைப்பேசிகள் சிலவற்றில் இந்த அலைவரிசையைப் பெறும் வசதி இல்லை.

எனவே, வீட்டில் மற்றவர் கைப்பேசியில் இணைப்பு நன்றாகக் கிடைத்து உங்களுடையதில் மட்டும் கிடைக்காவிட்டால், செயலியைக் குறைகூறும் முன் இதைச் சோதியுங்கள். உங்கள் சிம் அட்டையை அவர் கருவியில் இட்டுப் பார்த்தாலே காரணம் சிம்மிலா, கருவியிலா என்பது விளங்கிவிடும். பணம் அனுப்பும்போது பாதியில் இணைப்பு அறுந்து, தொகை கழிந்தும் சேராமல் நிற்கும் துன்பத்துக்கு வலுவற்ற இணைப்பு ஒரு முக்கியக் காரணம். புதியது வாங்குவோரும், உங்கள் தீவில் எந்த நிறுவனத்தின் சேவை கிடைக்கின்றதோ அதன் அலைவரிசைகளைக் கருவி ஏற்குமா எனக் கேட்டு வாங்குங்கள். 5ஜி என அட்டைப்பெட்டியில் இருப்பது மட்டும் விடையாகாது.

உப்பும் ஈரமும்

நமது தீவுகளில் கைப்பேசிக்குக் கடற்காற்றும் நெடுமழைக்காலமும் இயற்கை எதிரிகள். சார்ஜ் செய்யும் துளையில் உப்பும் ஈரமும் படிந்து அரிப்பு உண்டாவது இங்கே வழக்கமான பழுது. சார்ஜ் ஏறவில்லை என்றதும் கருவியே போயிற்று என முடிவுகட்ட வேண்டாம். பல வேளைகளில் அத்துளையைச் சுத்தம் செய்தாலோ, அச்சிறு பாகத்தை மாற்றினாலோ போதும்.

நீர்புகாத் தரம் என விளம்பரப்படுத்தப்படும் ஐபி68 என்பது நன்னீரில் சோதித்து வழங்கப்படுவது. கடல்நீருக்கு அது உறுதிமொழி ஆகாது. ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளிருக்கும் ஒட்டுப்பசை தளர்ந்து அத்தரமும் குறையும். நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைப்பது நம்மவர் வழக்கம்; அரிசியின் நுண்துகள் உள்ளே சென்று சேதம் விளைக்கும் என 2024-இல் ஆப்பிள் நிறுவனம் எச்சரித்தது. கருவியை அணைத்து, துளை கீழ்நோக்கும்படி மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலர விடுவதே முறை. ஈரம் உலரும் வரை சார்ஜரில் இணைக்கலாகாது.

செலவுக் கணக்கு

இப்போது எங்களுக்குப் பழக்கமான கணக்குக்கு வருகின்றோம். விலையை விலையாகப் பார்க்காமல், பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க ஒவ்வொரு மாதத்துக்கும் ஆகும் செலவாகப் பாருங்கள். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

ரூ.18,000 விலையுள்ள கைப்பேசிக்கு இன்னும் 48 மாதங்கள் புதுப்பிப்பு வரும் எனில், மாதச் செலவு ரூ.375. ரூ.10,000 விலையுள்ள கைப்பேசிக்கு 24 மாதங்களே எஞ்சியிருந்தால் மாதச் செலவு ரூ.417. விலை குறைந்தது மலிவானது அன்று என்பது இக்கணக்கில் வெளிப்படுகின்றது. புதுப்பிப்புக் காலம், அக்கைப்பேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்தே பெரும்பாலும் எண்ணப்படும். நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. தள்ளுபடியில் கிடைக்கும் ஈராண்டுப் பழைய வகையை வாங்கும்போது, அதன் ஆயுளில் இரண்டு ஆண்டு முன்னரே கழிந்திருக்கும்.

இனி, பழுதுபார்ப்பதன் கணக்கு. காவற்காலம் 18 மாதங்கள் எஞ்சியுள்ள கைப்பேசிக்கு ரூ.2,000 செலவில் பேட்டரி மாற்றினால், மாதச் செலவு ரூ.111. இது தயங்காமல் செய்யத்தக்கது. 8 மாதங்களே எஞ்சியுள்ள கைப்பேசிக்கு ரூ.6,000 செலவில் திரை மாற்றினால், மாதச் செலவு ரூ.750. இதைவிடப் புதியது வாங்குவது மேல். காவற்காலமே முடிந்த கருவியில் வங்கிப் பயன்பாட்டுக்காகச் செய்யும் செலவுக்கோ வகுக்க மாதமே இல்லை.

வாங்குவது என முடிவானால், பணம் எங்கிருந்து வரவேண்டும்? கடன் அட்டையில் ரூ.18,000-ஐ ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையாக மாற்றினால், தவணை மாதம் ரூ.1,633. ஆண்டு முடிவில் வட்டி மட்டும் ரூ.1,598. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.288. செயலாக்கக் கட்டணம் ரூ.200 எனில், வரியோடு ரூ.236. ஆக மொத்தம் ரூ.20,122. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். கடன் அட்டை நிலுவைக்குச் சுழிய வட்டி எனக் காட்டி, வட்டியைக் கட்டணத்தில் மறைக்கும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே ஏற்க மறுத்துவிட்டது. இன்று அப்பெயரில் வருபவற்றில், வட்டிக்கு ஈடான தொகையை விற்பவரோ உற்பத்தியாளரோ தள்ளுபடியாகத் தருகின்றனர். உடனடிப் பணம் செலுத்துவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதனால் பறிபோகின்றதா எனக் கேட்டறியுங்கள்.

மறுபுறம், மாதம் ரூ.1,450 வீதம் 12 மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு எனக் கொண்டால், முதிர்வில் சுமார் ரூ.18,000 கிடைக்கும். நீங்கள் செலுத்தியது ரூ.17,400. தவணைக்கும் தொடர் வைப்புக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ ரூ.2,700, ஒரு பேட்டரியின் விலைக்கும் மேல். இன்றைய கைப்பேசி ஓராண்டு தாங்குமெனில், பேட்டரியை மாற்றிக்கொண்டு தொடர் வைப்பைத் தொடங்குவதே பலருக்கும் ஏற்ற வழி எனக் கருதுகின்றோம்.

முடிவெடுக்கும் வரிசை

மேற்சொன்னவற்றை ஒரு வரிசையாக அமைத்துக்கொள்ளலாம்.

முதலில், பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். காவற்காலம் முடிந்திருந்தால், அக்கருவியை வங்கிப் பணிக்குத் தொடர வேண்டாம். இரண்டாவதாக, உங்கள் தீவில் கிடைக்கும் இணைப்பைக் கருவி முறையாகப் பெறுகின்றதா எனப் பாருங்கள். பெறாவிட்டால் பழுதுபார்ப்பதால் பயனில்லை. இவ்விரண்டிலும் தேறினால், மூன்றாவதாகப் பழுதின் செலவை எஞ்சிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள். புதியதன் மாதச் செலவைவிடக் குறைவெனில் பழுதுபார்த்துத் தொடருங்கள். வேகம், புகைப்படத் தெளிவு, அழகு ஆகியவை இதன் பின்னரே வரவேண்டியவை.

புதியது வாங்க இப்போது இயலாதவருக்கும் வழி உண்டு. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலேயே இயங்கும் யுபிஐ 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று அறிமுகப்படுத்தியது. இணையம் இன்றிக் குரல் அழைப்பு வழியே பணம் அனுப்பலாம். ஒரு பரிமாற்றத்துக்கான வரம்பு பின்னர் ரூ.5,000-இலிருந்து ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. *99# எண்ணை அழுத்தி, இணையமின்றி இருப்பு அறியவும் பணம் அனுப்பவும் இயலும். காவற்காலம் முடிந்த திறன்பேசியில் வங்கிச் செயலியை வைத்திருப்பதைவிட, எளிய பொத்தான் கைப்பேசியில் இச்சேவையைப் பயன்படுத்துவது முதியோருக்குப் பாதுகாப்பானது. ஒருவேளை பழைய கருவியையே சிறிது காலம் தொடர நேர்ந்தால், பெரிய தொகை உள்ள கணக்கை அதில் இணைக்காதீர்கள். நாளாந்தப் பரிமாற்ற வரம்பைக் குறைத்துவையுங்கள். செயலிகளை அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே நிறுவுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கைப்பேசியை மாற்றும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். புதிய கருவியில் யுபிஐ பதிந்த தொடக்க நேரத்தில், அனுப்பக்கூடிய தொகைக்குக் குறைந்த வரம்பு விதிக்கப்படும். பழைய கருவியின் சிம் அட்டை அளவு பொருந்தாமல் புதிய சிம் பெற நேர்ந்தால், மோசடியைத் தடுக்கும்பொருட்டு முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி நிறுத்திவைக்கப்படும், ஓடிபி வராது. ஆகவே, மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டிய நாளிலோ, கப்பலேறும் நாளிலோ கைப்பேசியை மாற்றாதீர்கள். முன்னதாக ஓரிரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

பழைய கருவியை உடனே கைமாற்ற வேண்டாம். புதியதில் வங்கிச் செயலியும் யுபிஐயும் இயங்குவதை ஒரு சிறு தொகையை அனுப்பி உறுதிசெய்த பின், பழையதில் அச்செயலிகளிலிருந்து வெளியேறி, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டீர்களா எனப் பாருங்கள். கைப்பேசியோடு வங்கிக் கணக்கின் திறவுகோலையும் சேர்த்து விற்றுவிடக் கூடாதல்லவா?

பயன்படுத்தப்பட்ட கைப்பேசியை வாங்குவோர், *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்து, அது திருட்டுப் பொருள் அல்ல என உறுதிசெய்யலாம். 2023 மே மாதத்தில் தொடங்கப்பட்ட அத்தளத்திலேயே, தொலைந்த கைப்பேசியை முடக்கவும் விண்ணப்பிக்கலாம். புதியது வாங்குவோர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் குறைபாட்டுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. பணம் களவுபோனது தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் அழையுங்கள்.

உயிரற்ற கைப்பேசியைக் குப்பையிலோ கடற்கரையிலோ எறியலாகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழைய கருவிகளின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்கியுள்ளன. அளவில் சிறிய தீவில் கழிவைப் புதைக்க இடமும் குறைவு. கசியும் நச்சு நிலத்தடி நீரையும் பவளப்பாறையையும் சென்றடைய நெடுந்தொலைவும் இல்லை. பழையதைக் கொடுத்துப் புதியது பெறும் திட்டமோ, நிறுவனத்தின் சேகரிப்பு மையமோ நல்ல வழி. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகின்றது என்பதால், நல்ல நிலையிலுள்ள கருவியை ஓராண்டு கூடுதலாகப் பயன்படுத்துவதும் இயற்கைக்குச் செய்யும் தொண்டே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விதழை மடித்து வைக்குமுன், உங்கள் கைப்பேசியின் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியை ஒருமுறை பாருங்கள். வீட்டிலுள்ள முதியோரின் கைப்பேசியிலும் பாருங்கள். தேதியின் பொருள் விளங்காவிட்டால், அடுத்த முறை கிளைக்கு வரும்போது கருவியைக் காட்டுங்கள். பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் மட்டும் எவரிடமும், எங்களிடமும், சொல்ல வேண்டாம். அவை தவிர்த்த மற்ற ஐயங்கள் அனைத்துக்கும் விடையளிக்கக் காத்திருக்கின்றோம்.